உறக்கத்தை அளக்கும் பட்டை: ஒரே கருவி, இரண்டு வீடுகள், ஏழு வாரங்கள்

பிளஸ் ஒன் சேர்ந்த முதல் மாதத்திலேயே என் மகள் இரவில் தூக்கம் வரவில்லை என்று சொல்லத் தொடங்கினாள். காலையில் எழுப்பினால் எரிச்சல், மாலையில் காரணம் சொல்லத் தெரியாத அழுகை, ஞாயிற்றுக்கிழமை பகல் 11 மணி வரை படுக்கை என்று நாள்கள் போய்க்கொண்டிருந்தபோது, உறக்கத்தை அளந்து சொல்லும் மணிக்கட்டுப் பட்டை ஒன்றை 3,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து வாங்கினேன். அவள் அதை 3 வாரம் அணிந்தாள். அதன்பின் வியாசர்பாடியில் இருக்கும் என் தங்கையின் மகள் தானாகவே கேட்டு வாங்கி 4 வாரம் அணிந்தாள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. பிள்ளைகள் இருவரும் என் தங்கையும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டேன்; நான் சொல்லப்போகும் குறைகள் இந்த விலையில் விற்கும் பட்டைகள் பெரும்பாலானவற்றுக்கும் பொதுவானவை.

கருவியைப் பொறுத்தவரை சொல்ல அதிகம் இல்லை. எடை தெரிவதில்லை. ஒரு முறை சார்ஜ் செய்தால் 9 நாள் ஓடுகிறது. சிலிகான் வார் வியர்வையில் ஊறினால் மணிக்கட்டில் அரிப்பு வருகிறது என்பதால், குளித்ததும் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் அணிய வேண்டும். அடிப்பக்கத்தில் மினுங்கும் பச்சை ஒளி, தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு நாடித் துடிப்பைக் கணக்கிடுகிறது. உள்ளே இருக்கும் அசைவுமானி கை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கிறது. துடிப்பு தணிந்து கையும் அசையாமல் இருந்தால், அணிந்தவர் தூங்கிவிட்டார் என்று பட்டை ஊகித்துக்கொள்கிறது. மருத்துவமனையில் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்க்கும் பரிசோதனைக்கு இது ஈடாகாது. தூங்குபவர் தூங்குகிறார் என்று கண்டுபிடிப்பதில் இத்தகைய கருவிகள் நன்றாகவே செயல்படுகின்றன. விழித்தபடி அசையாமல் படுத்திருப்பவரைக் கண்டுபிடிப்பதில்தான் தடுமாறுகின்றன. இந்த ஒரு குறை என் வீட்டில் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்பதை வாங்கும்போது நான் அறியவில்லை.

மகளின் முதல் வாரப் பதிவுகளைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இரவு 11.05க்கு உறக்கம், 7 மணி 20 நிமிடம், 100க்கு 84 மதிப்பெண் என்று செயலி காட்டியது. "நல்லாத்தானே தூங்கியிருக்க?" என்று கேட்டேன். "இல்லம்மா, 1 மணி வரைக்கும் முழிச்சுத்தான் இருந்தேன். அசையாம படுத்திருந்தேன், அவ்வளவுதான்" என்றாள். அந்த வாரம் முழுக்க நான் மகளை நம்பாமல் பட்டையை நம்பினேன் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தனி அறை, ஏசி, மூடிய கதவு, இருட்டு, மெத்தை என்று எல்லாம் இருந்தும், மனத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றால் அந்தப் பெண் 2 மணி நேரம் சுவரைப் பார்த்தபடி கிடந்திருக்கிறாள். அதைக் கருவி ஆழ்ந்த உறக்கத்தின் தொடக்கம் என்று எழுதிவைத்திருந்தது.

இரண்டாவது வாரத்தில் வேறொரு தொல்லை சேர்ந்துகொண்டது. கண் விழித்ததும் அவள் முதலில் பார்த்தது மதிப்பெண்ணை. 80க்குக் கீழே இறங்கிய நாளில், இன்று எதுவும் மண்டையில் ஏறாது என்று அவளே முடிவுகட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். உறக்கக் கருவியின் எண்ணைச் சரியாக வைத்திருக்க வேண்டும் என்ற கவலையே உறக்கத்தைக் கெடுப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 2017இல் விவரித்து, அதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரிட்டார்கள். ஏற்கெனவே வகுப்பு மதிப்பெண், நுழைவுத் தேர்வு மதிப்பெண் என்று ஓடிக்கொண்டிருக்கும் பதின்வயதுப் பிள்ளையின் தலைமாட்டில் இன்னொரு மதிப்பெண்ணைக் கொண்டுபோய் வைப்பதற்கு முன் பெற்றோர் ஒரு முறை யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

இந்த வயதின் உறக்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படையான செய்தி ஒன்று உண்டு. அது செயலியில் எங்கும் இல்லை. பருவமடையும் காலத்தில் உடலின் கடிகாரமே தாமதமான நேரத்துக்கு நகர்கிறது. உறக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் முன்பைவிடத் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கேடன் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து நிறுவிய செய்தி இது. ஆகவே 9 மணிக்குப் படு என்றால் 16 வயதுப் பிள்ளைக்குத் தூக்கம் வராததைச் சோம்பலாகவோ பிடிவாதமாகவோ கொள்ள முடியாது. அதே சமயம் 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்தது. 11 மணிக்கு மேல்தான் தூக்கம் வரும், 7 மணிக்கு முன் எழுந்தாக வேண்டும் என்றால் கணக்கு எங்கே உதைக்கிறது என்பது எவருக்கும் விளங்கும். என் மகளுக்குப் பள்ளிப் பேருந்து காலை 6.50க்கு.

இனி என் தங்கை மகளின் 4 வாரங்களுக்கு வருகிறேன். நானும் தங்கையும் ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். திருமணங்கள் எங்களை வேறு வேறு வீடுகளில் கொண்டுபோய்ச் சேர்த்தன. அவள் இருப்பது ஒண்டுக்குடித்தனத்தில். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, சமையலுக்கு ஒரு தடுப்பு, மேலே சிமென்ட் ஷீட் கூரை. தங்கை, அவள் கணவர், மாமியார், மகள், மகன் என்று 5 பேர். தங்கை கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு இரவு 11.30க்கு வருவார், அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை விளக்கு எரியும். மாமியாருக்கு விடியற்காலையில் இருமல். 4.30க்கு அடிபம்பில் மெட்ரோ தண்ணீர் வரும். தங்கை மருத்துவமனை ஒன்றில் தூய்மைப் பணிக்கு 5.30க்குக் கிளம்ப வேண்டும் என்பதால், குடங்களை எடுத்துக்கொண்டு போவது இந்தப் பெண்தான். பிளஸ் ஒன் மாணவி. புழுக்கமான இரவுகளில் தம்பியும் அப்பாவும் பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார்கள். அவளுக்கு அது முடியாது.

பட்டை அங்கே முதல் நாளிலேயே ஒரு தடையில் முட்டியது. அளந்ததைப் பார்க்க ஸ்மார்ட்போன் வேண்டும். அந்த வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் பகல் முழுக்க ஆட்டோவோடு ஓடிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் கைக்கு வந்த பிறகுதான் ப்ளூடூத் வழியாக ஒரு வாரப் பதிவும் மொத்தமாக இறங்கியது. ஒரு வாரம் ஞாயிற்றுக்கிழமையும் வண்டி ஓட வேண்டியிருந்ததால், 7 நாளுக்கு மேல் நினைவில் வைத்திருக்காத பட்டை 2 நாள் பதிவைத் தொலைத்துவிட்டது. வீட்டில் ஆளுக்கொரு போன் இருக்கும் என்று எண்ணியே இந்தக் கருவிகள் வடிவமைக்கப்படுகின்றன. வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முதல் வாரத்தில் அவளுடைய சராசரி உறக்கம் 5 மணி 10 நிமிடம். அதுவும் ஒரே நீட்டாக இல்லை. 10.15க்குக் கண்ணயர்ந்து, 11.30க்கு விழித்து, 12.15க்கு மீண்டும் உறங்கி, நடுவில் புழுக்கத்திலும் கொசுவிலும் சிறுசிறு விழிப்புகளாக, 4.30க்கு முடிகிறது. என் மகளின் வரைபடத்தில் நீண்ட நீலப் பட்டையாகத் தெரிந்த இரவு, இவளுடையதில் கிழித்துப்போட்ட காகிதத் துண்டுகளாகத் தெரிந்தது. மதிப்பெண் 52லிருந்து 58க்குள். அவள் விழித்தபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்ததால், அசையாத விழிப்பை உறக்கம் என்று கணக்கிடும் பிழை இங்கே குறைவு என்றே நினைக்கிறேன்.

அந்த வரைபடத்தின் கீழே செயலி தந்த அறிவுரை இது: படுக்கையறையை இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் அமைதியாகவும் வைத்துக்கொள்ளுங்கள், தினமும் ஒரே நேரத்தில் படுத்து எழுங்கள். ஒவ்வொரு நாளும் சொற்கள் மட்டும் மாறி அதே அறிவுரை வந்தது. மூன்றாவது ஞாயிறன்று போனை என்னிடம் நீட்டி, "ரூமை இருட்டா வை, அமைதியா வைன்னு தினமும் சொல்லுது பெரியம்மா. எந்த ரூமைன்னு கேளுங்க" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அறிவுரையில் பிழை கிடையாது. இருட்டும் குளிர்ச்சியும் அமைதியும் உறக்கத்துக்குத் தேவைதான். ஆனால் அவற்றைத் தேர்ந்துகொள்ளும் நிலையில் இருப்பவருக்கே அது அறிவுரை. அந்த நிலையில் இல்லாத 16 வயதுப் பெண்ணுக்கு, தன் தவறால்தான் தான் தூங்கவில்லை என்று தினமும் காலையில் சொல்லும் குரலாக அது ஆகிவிடுகிறது.

பட்டைகள் திரட்டித் தந்த தகவல்களே இதற்குச் சான்று சொல்கின்றன. 68 நாடுகளில் 47,000க்கும் மேற்பட்ட பெரியவர்களின் மணிக்கட்டுப் பட்டைப் பதிவுகளை வைத்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, இரவு வெப்பம் கூடக்கூட உறக்கம் குறைவதையும், அந்த இழப்பு வருமானம் குறைந்த நாடுகளிலும் முதியவர்களிடமும் பெண்களிடமும் கூடுதலாக இருப்பதையும் காட்டியது. பட்டை வாங்கும் வசதி உள்ளவர்களிடமே நிலைமை இப்படி என்றால், ஷீட் கூரையின் கீழ் படுப்பவர்களின் இழப்பு எவ்வளவு இருக்கும் என்பதை அந்தத் தகவல் தொகுப்பால் சொல்லவே முடியாது. அவர்களில் பெரும்பாலோர் அதற்குள் வந்திருக்க மாட்டார்கள்.

சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். பெட்ரோ பெசோனே, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி தோமா ஆகிய பொருளியலாளர்கள் நடத்தி 2021இல் வெளியிட்டது அது. குறைந்த வருமானமுள்ள 452 பெரியவர்கள் ஆய்வுத் தரத்திலான அசைவுமானியை மணிக்கட்டில் அணிந்தார்கள். இரவில் ஏறத்தாழ 8 மணி நேரம் படுக்கையில் இருந்தும் அவர்கள் உறங்கியது சுமார் ஐந்தரை மணி நேரமே. ஒரு பகுதியினருக்குக் கண்மறைப்பு, காதடைப்பான், மெத்தை, மின்விசிறி போன்றவற்றைக் கொடுத்து, உறக்கத்தைக் கூட்டும் வழிகளையும் சொல்லிக்கொடுத்தார்கள். இரவு உறக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் கூடுதல் நேரம் படுத்துக் கிடந்ததால் வந்த கூடுதல்தான் அது. உறக்கத்தின் தரம் உயரவில்லை, வேலைத்திறனிலும் மனநலத்திலும் எதிர்பார்த்த முன்னேற்றம் தெரியவில்லை. மாறாக, பணியிடத்தில் அமைதியான இடத்தில் பகலில் அரை மணி நேரம் உறங்க வைத்தபோது, வேலைத்திறனும் மனநிலையும் மேம்பட்டன. அவர்கள் பெரியவர்கள் என்பதால் பிள்ளைகளுக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது என்பதை அறிவேன். என்றாலும், சென்னையில் வசதி குறைந்த வீட்டின் இரவு எப்படிப்பட்டது என்பதை இவ்வளவு கவனமாக அளந்த வேறொன்றை நான் படித்ததில்லை. தங்கை வீட்டில் பிறகு நாங்கள் செய்த ஒரு மாற்றத்துக்கு அதுவே துணிவு தந்தது.

மனநலத்துக்கு வருகிறேன். பட்டையில் மன அழுத்தம் என்று தனியாக ஓர் எண் உண்டு. நாடித் துடிப்பின் இடைவெளிகள் எப்படி மாறுகின்றன என்பதிலிருந்து அதைக் கணக்கிடுகிறார்கள். தங்கை மகளின் பதிவில் அந்த எண் நாள்தோறும் உச்சத்தைத் தொட்டது காலை 4.45க்கு, அதாவது இடுப்பில் குடத்தோடு அவள் நடந்துகொண்டிருந்த நேரத்தில். பகல் 2 மணிக்கு வகுப்பில் தலை கவிழ்ந்து, ஆசிரியரிடம் திட்டு வாங்கி, அவமானத்தில் குமைந்த நாளில் எண் தாழ்வாகவே இருந்தது. உடலின் உழைப்பையும் மனத்தின் பாரத்தையும் பிரித்தறிய இந்தக் கருவியால் முடியவில்லை என்பதே என் அனுபவம். இதை மனநலக் கருவி என்று நம்பி யாரும் வாங்க வேண்டாம்.

உறக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு இருபுறமும் ஓடுவது. சோர்ந்த மனத்துக்குத் தூக்கம் வருவதில்லை. நாள்கணக்கில் தூக்கம் கெட்டால் கோபத்தையும் துக்கத்தையும் கட்டுக்குள் வைக்கும் திறன் தளர்ந்து மனம் மேலும் சோர்கிறது. என் மகளுக்கு மனத்தில் தொடங்கியது உறக்கத்தைக் கெடுத்தது; தங்கை மகளுக்கு வீட்டின் நிலையால் உறக்கம் கெட்டு, அது மனத்தைக் கெடுக்கத் தொடங்கியிருந்தது. "எதுவும் பிடிக்கலை" என்று அவள் சொன்னதாகத் தங்கை என்னிடம் சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது. 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகவும், பெருநகரங்களில் அது 13.5 சதவீதம் என்றும் கணக்கிட்டது. நம் பிள்ளைக்கு அப்படியெல்லாம் இருக்காது என்று தள்ளிவிடக்கூடிய அளவல்ல இது. இரண்டு வாரத்துக்கு மேல் பிள்ளை சோர்ந்தே இருந்தால், டெலி மானஸ் உதவி எண் 14416ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இந்தச் சேவை இலவசமானது, 24 மணி நேரமும் இயங்குவது, தமிழில் பேசலாம். சாதாரண போன் போதும் என்பதால் தங்கை வீட்டுக்கும் அது எட்டியது. 3,000 ரூபாய்ப் பட்டையின் செயலியில் நம் ஊர் உதவி எண் ஒன்றுகூட இல்லை என்பதை நான் பெரிய குறையாகவே சொல்வேன்.

பட்டையின் பயனே இல்லையா என்றால், உண்டு. எனக்குத் தெரிந்து அதன் மிகப் பெரிய பயன் அந்தக் கிழிந்த வரைபடம்தான். "ராத்திரி பூரா தூங்கிட்டுத்தானே இருக்கா, பகல்ல வேற என்ன தூக்கம்?" என்று பேத்தியைக் கடிந்துகொண்டிருந்த மாமியார், அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, இருமல் மருந்தை இரவிலேயே குடிக்கத் தொடங்கினார். தங்கை கணவர் சாப்பிடும்போது பெரிய விளக்கை அணைத்துவிட்டுச் சமையல் தடுப்பில் இருக்கும் சின்ன விளக்கை மட்டும் போட்டுக்கொள்கிறார். பெண் வாய்விட்டுச் சொன்னபோது எடுபடாதது படமாக வந்ததும் எடுபட்டது என்பதில் எனக்கு வருத்தம் இருந்தாலும், பலன் அவளுக்குக் கிடைத்தது. பள்ளி விட்டு வந்ததும் மாலை 5 மணிக்கு அரை மணி நேரம் படுக்கலாம், அப்போது டிவி ஓடாது, யாரும் வேலை சொல்லக் கூடாது என்று வீட்டில் முடிவாயிற்று. சென்னை ஆய்வின் பகல் தூக்கத்தைப் பற்றி நான் சொன்னதை நம்பி எடுத்த முடிவு அது.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கை வீட்டில் இருந்த மேசை மின்விசிறி, 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லாத் திட்டத்தில் கிடைத்தது. மாமியாரின் குடும்ப அட்டைக்கு வந்த அது, இத்தனை ஆண்டுக்குப் பின்னும் உழைத்துக்கொண்டிருந்தாலும் இறக்கை தளர்ந்தே சுற்றியது. தெருமுனை எலக்ட்ரீஷியன் பழைய கண்டன்சரைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டார். கூலியோடு 150 ரூபாய். ஒரு கொசுவலையும் வாங்கினோம். நான்காவது வாரத்தில் அவளுடைய இரவு உறக்கம் சராசரி 5 மணி 45 நிமிடத்துக்கு உயர்ந்தது. மாலைத் தூக்கம் தனி. பட்டைக்கு நான் கொடுத்த பணத்தில் நான்கில் ஒரு பங்குகூட இதற்கெல்லாம் ஆகவில்லை. அந்தப் பணம் முதலிலேயே இங்கே வந்திருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

எட்ட முடியாத ஒரு பகுதியும் இருக்கிறது. தங்கை மகளுக்குப் பள்ளியில் காலை 8 மணிக்குச் சிறப்பு வகுப்பு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2014இல் பரிந்துரைத்தது. கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2022 ஜூலை முதல் அதுவே சட்டம். சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளித் தொடக்கத்தைக் காலை 7.50லிருந்து 8.45க்குத் தள்ளியபோது, அங்கும் மாணவர்களின் மணிக்கட்டில் அசைவுமானி கட்டித்தான் பார்த்தார்கள். உறக்கம் 34 நிமிடம் கூடியது. என் மனத்தில் தங்கியது வேறொரு செய்தி: ஆய்வு நடந்த இரண்டு பள்ளிகளில் வசதி குறைந்த பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளியில்தான் விடுப்பும் தாமத வருகையும் குறைந்து, வசதியான பள்ளியின் அளவுக்கு நெருங்கி வந்தன. எந்தப் பெற்றோரும் எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் சிறப்பு வகுப்பை மாலைக்கு மாற்றக் கேட்க வேண்டும் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் உடன் போகிறேன்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: உங்கள் பிள்ளை எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுகிறது, நடுவில் எத்தனை முறை எழுப்பப்படுகிறது என்று தெரிந்துகொள்ள 2 வாரத்துக்கு ஒருவரிடம் இரவல் வாங்கிப் பாருங்கள், அதற்கு இது போதும். மதிப்பெண்ணையும் மன அழுத்த எண்ணையும் செயலியில் மறைத்துவைக்கும் வசதி இருந்தால் முதலில் மறைத்துவிடுங்கள். மனக்கலக்கத்தால் உறக்கம் கெட்ட பிள்ளைக்கு இதைக் கட்ட வேண்டாம்; பேசவும், தேவைப்பட்டால் மருத்துவரைப் பார்க்கவும் அந்த நாள்களைச் செலவிடுங்கள். என் மகள் பட்டையைக் கழற்றிக் கொடுத்த இரவுதான், புதிய பள்ளியில் மதிய உணவு வேளையில் தன்னோடு உட்கார யாரும் இல்லை என்பதை என்னிடம் சொன்னாள்.

தங்கை மகள் ஆகஸ்ட் நடுவில் பட்டையைத் துடைத்து, சார்ஜரோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இப்போது செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் 4.30க்கு அடிபம்புக்குப் போவது அவளுடைய தம்பி.